அறுப்பதற்கு நான்கரை, கண்டுபிடிப்பதற்கு ஒன்றரை: கர்ப்பப்பைக் கட்டிக்கு அரசு சேவை எப்படி இருக்கிறது?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி என்று சொல்லிவிட்டார்கள், அரசு மருத்துவமனையை நம்பிப் போகலாமா என்று யாராவது கேட்டால், ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டவர்கள் தாராளமாகப் போகலாம் என்பேன். கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்து, கத்தி படாமல் சமாளித்துக்கொள்ள நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையைக் கையோடு கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் சேவை என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். அக்காவோடு ஓபி சீட்டு வாங்கியதிலிருந்து தையல் பிரித்தது வரைக்கும் கூடவே இருந்தவள் நான். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் தோழிகள் சொல்வதைக் கேட்டால் அங்கேயும் பாதிக்கு மேல் இதே கதைதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையிலேயே வளரும் கட்டி. கிட்டத்தட்ட எல்லாமே சாதுவானவை, புற்றுநோய் அல்ல. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோன்கள் சுரக்கும்வரை அதற்குத் தீனி கிடைக்கும், மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். அளவைவிட இடம்தான் முக்கியம். கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் கட்டி ஆளைப் பிழிந்து எடுத்துவிடும், வெளிப்பக்கம் தொங்கும் பெரிய கட்டி அடிக்கடி பாத்ரூம் போக வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

சரி, முதலில் மோசமான பகுதி. கண்டுபிடிப்பது.

அக்காவுக்கு வயது 41. ரொம்ப நாளாகவே முகம் வெளிறி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி, எப்போது பார்த்தாலும் படுத்துக்கொள்ளலாமா என்றிருப்பாள். சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், ஹீமோகுளோபின் எட்டு என்று வரும் (பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும்), இரும்புச்சத்து மாத்திரை அட்டையைக் கையில் கொடுப்பார்கள். சாப்பிட்டால் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கும், மறுபடி அட்டை. மாத்திரையைக் குறை சொல்லமாட்டேன், இலவசம், ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பியதும் கிடையாது. ஆனால் போட்ட இரும்பெல்லாம் எங்கே போகிறது என்று ஒருவருமே கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் முழுவதும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியாவில் இதற்கென்றே 2018-ல் ரத்தசோகை இல்லாத பாரதம் என்று ஒரு தனி இயக்கம் தொடங்கினார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் மாத்திரை கொடுக்கும் கையிலேயே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருந்தால் எத்தனை கட்டி சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டிருக்கும் என்று யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது.

அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டது ஒரு நர்ஸ். அதுவும் பெண்கள் பிரிவில் இல்லை, ரத்தம் எடுக்கும் இடத்தில். ஊசியைக் குத்திக்கொண்டே, "ஏம்மா, பீரியட்ஸ் அப்போ ஒரு நாப்கின் எவ்வளவு நேரம் தாங்குது? ரத்தம் கட்டி கட்டியா வருதா? ராத்திரி எந்திரிச்சு மாத்துறியா?" என்றார். ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிசு, ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பேன், அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே என்றாள் அக்கா. நர்ஸ் ஊசியை உருவி, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, "எல்லாருக்கும் இல்லம்மா, நாளைக்கே போய் மகப்பேறு டாக்டரைப் பாரு" என்று சீட்டின் ஓரத்தில் அவரே எழுதிக் கொடுத்தார். இந்த மொத்தச் சேவையிலும் எனக்கு மிகவும் பிடித்த நிமிஷம் அதுதான். கருவியும் வேண்டாம், நிதியும் வேண்டாம், கேட்டால் போதும். பிரிட்டனில் எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில் அதிக ரத்தப்போக்கை இத்தனை மில்லி என்று அளவு வைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் உடம்பையும் மனசையும் வெளியே போய் வரும் வாழ்க்கையையும் அது கெடுக்கிறதென்றால் அது அதிகம்தான், அவ்வளவுதான் விளக்கம். நர்ஸ் கேட்ட மூன்று கேள்வியும் அதே வேலையைச் செய்தன.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அரசாங்கம் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிறுத்தி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறேன் என நினைத்துக்கொள்வீர்கள். அது வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஒரு ஆய்வில் 35 முதல் 49 வயதுப் பெண்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் 70 சதவீதத்துக்கு அருகிலும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேலும் கட்டி வந்திருக்கும் என்று கணக்கு வந்தது. கட்டி இருப்பதாக யாரும் அதுவரை சொல்லியிராத, மாதவிடாய் நிற்காத பெண்களிலேயே 51 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் கட்டி தெரிந்தது. தொந்தரவே தராத கட்டியைத் தேடிப்பிடித்து ஒரு பெண்ணிடம் "கட்டி இருக்கு" என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? பயத்தில் அவளே போய் எடுத்துவிடச் சொல்வாள், எடுத்துவிடவும் ஆள் இருக்கும். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஏராளமானோர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் பெரிய செய்தியானதே, அதை மறந்துவிட முடியாது. தொந்தரவு இருக்கிறவளைச் சீக்கிரம் கண்டுபிடி, இல்லாதவளை விட்டுவிடு. ஆரம்பத்திலேயே கண்டறிதல் என்றால் என் கணக்கில் இதுதான்.

ஸ்கேன் பகுதிக்கு வருவோம். தேதி கிடைக்கவே நாளானது, கிடைத்த நாளிலும் கூட்டம். அவசர கேஸ், கர்ப்பிணிகள் முதலில் போவார்கள், அது நியாயம்தான். ஆனால் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று காலையிலேயே சொல்லிவிட்டு மதியம்வரை உட்கார வைத்தால், ஏற்கெனவே கட்டி மூத்திரப்பையை அழுத்திக்கொண்டிருக்கும் ஒருத்தி என்ன செய்வாள்? அக்கா எழுந்து போய்விட்டு வந்தாள், மறுபடி குடித்தாள், மறுபடி போனாள். கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டிதான், "உள்ள நாலு பேர் இருக்கும்போது குடி தாயி, இப்பவே குடிக்காத" என்று சொல்லிக்கொடுத்தார். இதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். உள்ளே போனபின் வேலை சுத்தம். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் அனுமதி கேட்டுக்கொண்டு உள்வழி ஸ்கேனும் பார்த்தார்கள், திரை இழுத்துவிட்டு, பெண் ஊழியர் ஒருவர் கூட நின்றார். ரிப்போர்ட்டில் மூன்று கட்டி, பெரியது 6.2 சென்டிமீட்டர், பின்சுவரின் தசைக்குள், உட்குழியை லேசாக அழுத்துகிறது என்று தெளிவாக இருந்தது. வெளியே தனியாரில் முன்னால் எடுத்த ரிப்போர்ட்டில் "பல கட்டிகள்" என்று மட்டும் இருந்தது, எங்கே இருக்கிறது என்றே எழுதவில்லை. எந்த வகைக் கட்டி என்று 0 முதல் 8 வரை எண் போட்டுச் சொல்லும் முறை உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோவினுடையது, 2011-லிருந்தே இருக்கிறது. அந்த எண்ணை ரிப்போர்ட்டில் கேட்டு வாங்குங்கள், எந்தச் சிகிச்சை ஒத்துவரும் என்பதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

அதே தனியார் இடத்தில்தான் ரிப்போர்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் "குழந்தை இருக்குல்ல, அப்புறம் எதுக்கு கர்ப்பப்பை, எடுத்துடலாம்" என்றார்கள். அரசு மருத்துவமனையில் அப்படிச் சொல்லவில்லை, இதற்கு முழு மார்க். மூத்த டாக்டரம்மா ஒருவர், அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், ஆனாலும் சீட்டைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் பேரிக்காய் மாதிரி ஒரு கர்ப்பப்பை வரைந்து, கட்டி இருக்கும் இடத்தில் வட்டம் போட்டு, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சுருள், கட்டியை மட்டும் எடுப்பது, முழுசாக எடுப்பது என்று நான்கையும் சொன்னார். சுருள் பற்றி அவர் சொன்னது: கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருந்து உட்குழி கெடாமல் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் வைத்திருப்பேன், இப்போது வைத்தாலும் வெளியே வந்துவிட வாய்ப்பு அதிகம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில்தான் வயிறு எரிந்தது. அந்த மாத்திரை அட்டைகள் வாங்கிய காலத்தில் இது 3 சென்டிமீட்டருக்குள் இருந்திருக்கலாம், யார் கண்டார்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதை நாங்களே கேட்டோம். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை, தொடை வழியாகவோ கை வழியாகவோ மெல்லிய குழாய் விட்டு அடைத்துவிடும் எம்போலைசேஷன். புதுசு ஒன்றும் இல்லை, பாரிஸில் ரவினா என்ற மருத்துவரின் குழு 1995-லேயே இதை எழுதிவிட்டது, நைஸ் வழிகாட்டியும் பெரிய கட்டிகளுக்கு இதை ஒரு வழியாகச் சேர்த்திருக்கிறது. "இங்க அந்த வசதி இல்லம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், எப்ப கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர். பூசி மெழுகாமல் சொன்னதற்கு நன்றி, ஆனால் காகிதத்தில் இருக்கும் சிகிச்சைக்கும் கைக்கு எட்டும் சிகிச்சைக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருந்தால் அந்தத் தேர்வை யார் தேர்ந்தெடுப்பார்கள்? கட்டியால் வரும் ரத்தப்போக்கைக் குறைக்கும் புது மாத்திரைகளின் நிலையும் இதேதான். எலகோலிக்ஸ் சேர்ந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 2020-லும் ரெலுகோலிக்ஸ் சேர்ந்ததற்கு 2021-லும் அனுமதி கிடைத்தது, பிரிட்டனில் ரெலுகோலிக்ஸை 2022-ல் பொதுச் சுகாதாரச் சேவையிலேயே கொடுக்க நைஸ் ஒப்புக்கொண்டது. எலும்பு தேயும் என்பதால் அமெரிக்காவில் 24 மாதத்துக்கு மேல் கொடுப்பதில்லை. நாங்கள் பேரைச் சொல்லிக் கேட்டபோது மருந்தகத்தில் இருந்தவர் ஏதோ வேற்றுமொழி கேட்டதுபோலப் பார்த்தார்.

அக்கா முழுசாக எடுப்பதையே தேர்ந்தெடுத்தாள். அவளே தேர்ந்தெடுத்தாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், மறுபடி கட்டி வளருமோ என்று காத்திருக்கும் தெம்பு தனக்கு இல்லை என்றாள். ஹீமோகுளோபின் அப்போது 7-க்கும் கீழே, அதனால் முதலில் சேர்த்து ரத்தம் ஏற்றி, ஊசி வழியாக இரும்பும் கொடுத்து, அளவு ஏறும்வரை ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். அவசரப்படவில்லை, இது பெரிய விஷயம். சினைப்பையை எடுக்க வேண்டியதில்லை, நன்றாக இருக்கிறது, அதை எடுத்தால் மாதவிடாய் நிற்பது சட்டென்று வந்து எலும்பும் இதயமும் சேர்த்துப் பாதிக்கும் என்று டாக்டரே முன்வந்து சொன்னார். எதற்கு வம்பு, எல்லாத்தையும் சேர்த்து எடுத்துடுங்க என்று சொல்லும் சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் இருந்தார்கள், அவர்களை டாக்டர் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்தார்.

ஆபரேஷன், மயக்க மருந்து, அதற்குப் பிந்தைய கவனிப்பு எல்லாவற்றுக்கும் நான் நான்கரை நட்சத்திரம் கொடுப்பேன். காய்ச்சல் இல்லை, தையலில் சீழ் இல்லை, மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்கள். குறைந்த அரை நட்சத்திரம் வார்டு கழிவறைக்கு. வயிற்றில் தையலோடு இருக்கும் பெண்கள் நிறைந்த வார்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாமல் குந்தி உட்காரும் கழிவறை கட்டிய மகராசன் யார் என்று தெரிந்தால் தேவலை. ராத்திரி பணியில் இருந்த நர்ஸ்கள் குறைவு, ஆனால் கூப்பிட்டால் வந்தார்கள், ஒருத்தர் மட்டும் வாயைத் திறந்தாலே திட்டுவார், அவரும் வேலையில் கெட்டிதான்.

ஏன் ஒரு பக்கம் இவ்வளவு நன்றாகவும் இன்னொரு பக்கம் இவ்வளவு சொதப்பலாகவும் இருக்கிறது? எனக்குத் தோன்றுவது, பணம் எந்த வழியில் வருகிறதோ அந்த வழியில்தான் கவனமும் வருகிறது. இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பரில் தொடங்கியது, கர்ப்பப்பை அகற்றும் ஆபரேஷனுக்கு அதில் பேக்கேஜ் உண்டு. படுக்கையில் சேர்ந்தால்தான் காப்பீடு, சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும் வீட்டுக்குப் போனபின் 15 நாள் செலவும் சேரும். ஆனால் ஒருத்தி வெளிநோயாளியாக வந்து, ஸ்கேன் எடுத்து, சுருள் வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவதென்பது இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. எடுத்தால் பில் உண்டு, காப்பாற்றினால் பில் இல்லை. இப்படி அமைத்துவிட்டு ஏன் இவ்வளவு பேர் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் நடந்த கர்ப்பப்பை அகற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை.

தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது, அவற்றை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நல்லது. தடுப்பதற்கு உத்தரவு வந்துவிட்டது, பதிலாக என்ன கொடுப்பது என்பதற்கு அதே அளவு வேகம் காணோம். சுருளும் எம்போலைசேஷனும் மாவட்ட மருத்துவமனை வரைக்கும் வராமல் எடுக்காதே என்று மட்டும் சொன்னால், ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண் எங்கே போவாள்?

வசதியான நாட்டில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டெஃபனி டப்ஸ் ஜோன்ஸ் என்று ஒஹாயோவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர், ஃபைப்ராய்டு ஆராய்ச்சிக்கு நிதி வேண்டும் என்று போராடியவர், 2008-ல் இறந்துபோனார். அவர் பெயரிலேயே ஒரு மசோதா 2021-ல் அறிமுகமானது, ஆராய்ச்சிக்குப் பணம், பெண்களுக்கும் மருத்துவர்களுக்கும் விழிப்புணர்வு என்று நல்ல அம்சங்கள்தான், அந்த நாடாளுமன்றக் காலம் முடியும்வரை நிறைவேறவில்லை. பத்தில் ஏழெட்டுப் பெண்களுக்கு வரும் ஒன்றுக்கு இவ்வளவுதான் மரியாதை. ஆண்களுக்கு வருவதாக இருந்தால் தெருமுனைக்கு ஒரு ஸ்கேன் இருந்திருக்கும் என்று அக்கா சொன்னாள், மயக்கம் தெளிந்து இரண்டாவது நாள், மாமா பக்கத்தில் இருக்கும்போதே.

ஆக, ஐந்துக்கு என் மதிப்பெண்: ஆபரேஷனுக்கு நான்கரை, டாக்டர் விளக்கிச் சொன்னதற்கு ஐந்து, ஸ்கேன் தரத்துக்கு நான்கு, காத்திருப்புக்கு இரண்டு, ஆரம்பத்தில் கண்டுபிடிப்பதற்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் நர்ஸுக்காக.

போகிறவர்களுக்குக் கொஞ்சம் உபயோகமான விஷயம். மாதவிடாய் எந்தத் தேதி தொடங்கி எந்தத் தேதி நின்றது, எத்தனை நாப்கின், ரத்தம் கட்டி கட்டியாக வந்ததா என்று மூன்று மாதத்துக்காவது ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துபோகும். பழைய ஹீமோகுளோபின் சீட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள், எங்களிடம் அது இருந்ததால்தான் இது இன்று நேற்று வந்ததில்லை என்று உடனே புரிந்தது. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்பார்கள், வீட்டில் இரண்டு பேரை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். எடுக்கச் சொன்னால், வேறு என்ன வழி இருக்கிறது, அது ஏன் எனக்கு ஒத்துவராது என்று கேளுங்கள், பதில் சொல்லாமல் கோபப்படுகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, நின்றபின்னும் கட்டி வளர்ந்தாலோ இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராகப் போய்விடுங்கள்.

எடுத்த கர்ப்பப்பையை பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட் வருவதற்குள் உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், வந்துவிட்டது என்று யாரும் போன் பண்ண மாட்டார்கள், லேபில் போய் நின்று எண்ணைச் சொல்லி வாங்கினால்தான் உண்டு. அக்காவுடையது நல்லபடியாகத்தான் வந்திருந்தது, ஆனால் அதே மேஜையில் யாரும் வந்து வாங்காத ரிப்போர்ட்டுகள் ஒரு கட்டு கிடந்தன.